பதிவேட்டில் ஒரு கோடு

“இந்தப் பொம்பள நம்மள வேவு பார்க்கிறாளா, கேப்டன்?”

வெர்னா கடிதத்தை மேசைமேல் போட்டாள். நகரச் சிறைத்துறையில் ஆராய்ச்சியும் நிதியுதவி விண்ணப்பங்களும் அவள் பொறுப்பு. பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ அறக்கட்டளைகளுக்கு எழுதியிருக்கிறாள். இப்படியொரு பதில் வந்ததில்லை.

பார்வையாளர் பிரிவின் கேப்டன் ரொசாடோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “யாரைச் சொல்றீங்க?”

“நம்ம விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற டாக்டர் ஒடெஸா பிரை. நாலு கேள்வி கேட்டிருக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் போகணும். இல்லேன்னா ஜூன் மாசத்தோட சனிக்கிழமை மேசை போச்சு.”

சனிக்கிழமை மேசை என்பது, தடுப்புக் கண்ணாடி இல்லாமல் தந்தையும் பிள்ளையும் ஒரே மேசையில் எதிரெதிரே அமரும் ஒரு மணி நேரம். நகர மன்றம் இவ்வாண்டு அதற்குரிய தொகையை நிறுத்திவிட்டது. வேறு புரவலர் எவருமிலர்.

“அது போச்சுன்னா என் சிறை தாங்காது, வெர்னா. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வாரம் பூரா பாதிப் பேரு சண்டை போடாம இருக்கான். என்ன கேட்டிருக்கா? புள்ளிவிவரமா? நீங்கதான் அள்ளி வீசுவீங்களே.”

“அதைக் கேட்டிருந்தா நான் ஏன் முழிக்கப் போறேன்? அறுபது பக்கம் எழுதினேன். திரும்பச் சிறைக்கு வர்றவங்க விகிதம், ஒப்பீட்டுக் குழு, அட்டவணை. அதுல ஒண்ணைப் பத்தியும் கேக்கல. கேளுங்க, முதல் கேள்வி: ‘பார்வையாளர் அறைச் சுவரோரம் செல்லும் வெந்நீர்க் குழாய்க்கு உறை போட்டாயிற்றா?’”

ரொசாடோவின் புருவம் நெரிந்தது. “எந்தக் குழாய்?”

“நானும் அதையேதான் யோசிச்சேன். போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்குக் கீழ ஓடுது. கை வெச்சா சுடுது. உறை இல்ல.”

“இருபத்தாறு வருஷமா அங்கதான் நிக்கிறேன். என் கண்ணுல பட்டதே இல்லையே.”

“ரெண்டாவது: ‘சோதனை வாயிலில் கழற்றிய காலணியின் கயிற்றை மறுபடி கட்டும் நேரமும் சந்திப்பு நேரத்தில் கழிகிறதா?’”

“கழியுதுதான்.” கேப்டனின் குரல் தாழ்ந்தது. “ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அதையெல்லாம் யாரு மனசுல வெச்சுக்குவாங்க?”

“இவ வெச்சிருக்காளே. உங்க ஆளுங்கள்ல எவனோ போட்டுக் குடுத்திருக்கான்.”

“என் ஆளுங்களா? அவனுங்களுக்கு லீவு லெட்டரே ஒழுங்கா எழுத வராது.”

“அப்போ உள்ள இருந்தவளா இருப்பாளோ?”

“இது ஆம்பளைங்க சிறை. கட்டின நாள்லேருந்து ஒரு பெண் கைதி இங்க இருந்ததில்ல. இருங்க, ஒருவேளை யாரையாவது பார்க்க வந்திருப்பா.” அவர் வாயில் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். பழைய பார்வையாளர் பதிவேடுகள் யாவும் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. சற்றுப் பொறுத்துக் கருவியை வைத்தார்.

“நாப்பது வருஷத்துப் பதிவைத் தேடியாச்சு. ஒடெஸாங்கிற பேரே இல்ல. இவ இங்க வரவே இல்ல, வெர்னா.”

வெர்னா கடிதத்தின் அடியிலிருந்த ஒடெஸாவின் கையெழுத்தை மறுபடி பார்த்தாள். கைதியல்லள், காவலரல்லள், வாயிலைக் கடந்தவளுமல்லள். ஆயினும் அவ்வறையில் நாள்தோறும் நிற்பவர் அறியாத குழாயை அறிந்திருக்கிறாள். எவ்வழியாக?

“மூணாவதைக் கேளுங்க: ‘ஆண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் என்று எழுதியுள்ளீர்கள். அவர்களின் பெயர்கள் உங்களிடம் உள்ளனவா?’”

“பேரா? பெரியவங்க பேரைத்தான் எழுதுவோம். கூட வர்ற புள்ளைக்குப் பக்கத்துல ஒரு கோடு. அந்தக் காலத்துலேருந்து அதான் வழக்கம்.”

“அந்தக் கோடுகளைக் கூட்டித்தான் நானும் எண்ணிக்கை போட்டேன். இதுக்கு நான் என்னன்னு பதில் எழுத? வேணும்னே மடக்கறா. குடுக்க மனசில்லாதவங்க இப்படித்தான் குடைவாங்க.”

“நாலாவது?”

“அதுதான் சுத்தமாப் புரியல. ‘பழைய மேசையை அகற்றிப் புதிது போடுவதாக எழுதியுள்ளீர்கள். அதன் அடிப்பக்கத்தை உங்களில் எவரேனும் பார்த்ததுண்டா?’”

மணி நான்கேகால். இருவரும் கீழே இறங்கினர். வார நாளாதலால் பார்வையாளர் அறை வெறிச்சோடிக் கிடந்தது. தரையோடு திருகாணியால் இறுக்கப்பட்ட அந்தப் பழைய மரமேசை, தன்மேல் குற்றமொன்றும் இல்லை என்பதுபோல் நின்றது.

“என் முட்டி மடங்காது. நீங்கதான் இறங்கணும், எழுத்தாளரம்மா.”

“பாதிச் சம்பளத்தை எனக்குக் குடுங்க,” என்று முனகியபடி வெர்னா மண்டியிட்டாள். பிறகு மல்லாந்து படுத்து, தலையை மேசைக்கடியில் நுழைத்துக் கைப்பேசியின் விளக்கை ஏற்றினாள். பக்கத்தில், அவள் கண்ணுக்கு நேராக, வெந்நீர்க் குழாய் ஓடியது.

“என்ன இருக்கு?”

“சூயிங்கம். இந்தச் சிறையோட வயசு இருக்கும்.”

“வேற?”

கைப்பேசி விளக்கு ஒரே இடத்தில் நின்றது.

“வெர்னா? வேற என்ன இருக்கு? அஞ்சு மணிக்கு என்னத்தை எழுதப் போறீங்க?”

வெளிச்ச வட்டத்துக்குள், நீலக் கிரேயானால் வரைந்த மீனொன்று மங்கலாகத் தெரிந்தது. அதன் வாலருகே, பெரிதும் சிறிதுமாய்க் கோணலான எழுத்துகளில் எழுதியிருந்தது: ‘ஒடெஸா இங்கே வந்தாள். வயது ஆறு.’