ஐந்தாவது தண்ணி

"இன்னும் வாசம் போகல. கொட்டிட்டு வேற தண்ணி ஊத்து!"

அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பா, கிண்ணத்தை முகர்ந்துவிட்டு அம்மாவிடமே திருப்பி நீட்டினார்.

லீவுக்கு வந்திருந்த மகளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கடல்பாசியை வாங்கி வந்ததே அவள்தான். காய்ச்சலில் கிடந்து எழுந்த அம்மாவுக்குத் தெம்பாக இருக்கும் என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னாளாம்.

நேற்று மணலும் உப்பும் போகக் கழுவி ஊறப்போட்டது. காய்ந்த நூல்கண்டு மாதிரி கிடந்தது, இன்று பாத்திரம் கொள்ளாமல் உப்பியிருந்தது. அரைமூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, மிக்ஸியில் வழுவழுவென்று அடித்து, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் கூழாக உறைந்துவிடும். அரைமணி நேர வேலை. அப்பா விட்டால்தானே!

"இது நாலாவது தண்ணிப்பா!"

"நாலாகட்டும், நாற்பதாகட்டும். வாசத்தோட அரைச்சா யாரு குடிக்கிறது?"

"வாசம் அடிச்சா அம்மாவுக்குத் தெரியாதா? நேத்தா சமைக்க வந்தா?"

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் போன தடவை அவள் வந்தபோதுகூட அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன்.

இந்தத் தடவை இரண்டு நாளாகப் பார்க்கிறாள். பால் காய்ச்சினால் முகர்ந்து பார்க்கிறார். நேற்று வைத்த பருப்பைத் திறந்து, "ஊசிப்போச்சு, கொட்டு" என்கிறார். அடுப்பைப் பற்ற வைப்பதென்றால்கூட அவர் வந்து நின்று, "ம், பத்த வை" என்று உத்தரவு கொடுக்க வேண்டும். அம்மாவும் சரி சரியென்று தலையாட்டுகிறாள்.

இப்போதும் அம்மா கோபப்படவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படிங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கல்யாணமான புதுசுல நாம இருந்த ஒத்தை ஜன்னல் ரூம் ஞாபகம் இருக்கா?" அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மழை விட்டதும் ஜன்னலைத் திறந்தா குப்புனு ஒண்ணு வருமே. ஈரக் கயிறு, உப்புக் காத்து, காயாத என் யூனிஃபார்ம் சட்டை எல்லாம் சேர்ந்து. அதேதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதட்டோரம் சிரிப்பு.

"அந்தச் சட்டையை எத்தனை தரம் அலசுவேன்!"

"அப்பவும் போகாது. போ, அஞ்சாவது தண்ணி ஊத்து."

பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை.

"போதும், எழுந்திருங்கப்பா!" நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் டிவி முன்னால் போட்டாள். "இதுதான் உங்க இடம். இங்கேருந்து அசையக் கூடாது."

அப்பா ஒரு தரம் அம்மாவைப் பார்த்தார். போய் உட்கார்ந்துகொண்டார்.

மகள் உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அம்மாவின் துணிமணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்ன பாப்பா இது?"

"என்கூட வந்து கொஞ்ச நாள் நிம்மதியா இரும்மா. இங்கே இருந்தா நொட்டை சொல்லியே உன்னை ஒருவழி பண்ணிடுவார். இந்த வயசுல புதுசா மூக்கு முளைச்சிருக்கு அவருக்கு!"

அம்மா கதவைச் சாத்தினாள்.

"அவருக்கு முளைக்கலடி. எனக்குத்தான் போயிடுச்சு."

"என்னம்மா சொல்றே?"

"அந்தக் காய்ச்சலோட வாசனையே தெரியாமப் போச்சு. பூவும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னுட்டார் டாக்டர். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்கு. கேஸ் வர்றது தெரியாம அங்கேயே நின்னு பாத்திரம் தேய்ச்சிட்டிருக்கேன். உங்கப்பாதான் ஓடி வந்து மூடினார்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா? கண் ஆபரேஷன் அப்போ நீங்கள்லாம் சேர்ந்து மூணு மாசம் என்னை அடுப்படிக்குள்ளேயே விடலையே. கையைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவருக்கு அது தெரியும். 'பிள்ளைங்ககிட்ட மூச்சு விடாதே. என்னைச் சிடுமூஞ்சின்னா சொல்லிட்டுப் போகட்டும், உன் அடுப்படி உனக்கு'ன்னுட்டு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சொன்னேன்னு காட்டிக்காதே."

மடித்த துணி மகளின் கையிலேயே நின்றது.

ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: "இந்தா, அடுப்பு கிட்ட போயிடாதே! நான் இங்கே ஜெயில்ல இருக்கேன்!"

மகள் ஹாலுக்குப் போனாள். அப்பாவை எழுப்பி, நாற்காலியைத் தூக்கி வந்து, பழைய இடத்துக்கு ஓரடி உள்ளே தள்ளியே போட்டாள்.

"என்ன டீச்சர், தண்டனைக்காலம் முடிஞ்சிடுச்சா?"

"அஞ்சாவது தண்ணியை யாருப்பா பார்க்கிறது?" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா தண்ணி மாற்றிக் கிண்ணத்தை நீட்டினாள். அப்பா முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"ம். போயிடுச்சு. அரைக்கலாம்."

மிக்ஸி சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில், அம்மா மகளின் காதோரம் சொன்னாள்:

"என் மூக்கைத் திருப்பிக் குடுன்னு சாமிகிட்ட நான் கேட்கிறதே இல்லை, பாப்பா. அவர் மூக்குக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதான் தினமும் வேண்டிக்கிறேன்."