தட்டினால் தெரியாது

பணிநீக்கக் கடிதம் மேசையில் தயாராக இருந்தது. அதிபர் ஹில்மியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"கடைசியாக் கேக்கிறேன் மிஸ். பாஸ்வேர்டை யாருக்குச் சொன்னீங்க?"

"யாருக்கும் சொல்லல சேர்."

ஐந்தாவது தடவையாக சிந்துஜா அதையே சொன்னாள். அந்த உண்மையே தன் கழுத்தை இறுக்குகிறது என்று தெரிந்தும் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தரம் பதினொன்றின் விஞ்ஞான வினாத்தாளைத் தயாரித்தவள் அவள். அதை ஒரு கணினிக் கோப்பாகச் சுருக்கி, பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, போன வாரம் அதிபருக்கு அனுப்பியிருந்தாள். பரீட்சையன்று காலையில்தான் பாஸ்வேர்டைச் சொல்வதாக ஏற்பாடு. பரீட்சைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்க, வினாத்தாள் பிள்ளைகளின் வட்ஸ்அப்பில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

"வட்ஸ்அப்ல வந்ததையும் நீங்க அனுப்பினதையும் என்ட கண்ணால ஒத்துப் பாத்துட்டுத்தான் சைன் வெப்பேன்" என்றார் ஹில்மி. ஆனால் ஒபிஸ் கொம்பியூட்டர் அந்தக் கோப்பைத் திறக்க மறுத்தது. கணினி ஆசிரியர் ரவிகுமாருக்கு ஆள் போனது.

அவர் உள்ளே வந்ததும் சிந்துஜாவுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. இரண்டு பேருக்கும் ஊர் கலஹா, ஒரே பஸ். அவளுடைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்து, மக்கர் பண்ணும் போதெல்லாம் பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான்.

"இதுலயும் லினக்ஸ்தான் சேர். இந்த மாதிரி கோப்பைத் திறக்கத் தனியா ஒரு டூல் போடணும். இதுவரைக்கும் யாரும் போடல."

"அப்ப இங்க வச்சி ஒத்தரும் தொறந்தீக்க ஏலாது?"

"ஏலாது சேர்."

சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள். உதவிக்கு வந்தவரும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்.

ரவிகுமார் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினார். பிறகு விசைகளைத் தட்டினார். திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.

"கீபோர்ட் பழுதா?"

"இல்ல சேர். டூல் போட மெஷினோட பாஸ்வேர்ட் கேக்குது. தட்டினாலும் திரையில தெரியாது. லினக்ஸ் அப்படித்தான்."

வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை மறைத்துக்கொண்டு மழை கொட்டியது. இணையம் நொண்டியது. டூல் இறங்கியது நாற்பது வீதம், நாற்பத்தொன்று. இந்தப் பெயரோடு வெளியே போனால் கண்டியில் எந்தப் பாடசாலையும் தன்னை வாசற்படி ஏற்றாது என்று சிந்துஜா நினைத்துக்கொண்டாள்.

ஒருவழியாக டூல் ஏறி முடிந்தது. ரவிகுமார் மணியைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று இன்னொரு வரி எழுதினார். மறுபடியும் விசைகள் மட்டும் சத்தம் போட்டன, திரையில் ஒன்றும் விழவில்லை. இந்தத் தடவை அதிபர் கேட்கவில்லை. அவருக்குத்தான் லினக்ஸ் விளங்கிவிட்டதே.

வினாத்தாள் திரையில் விரிந்தது. ஹில்மி வட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளோடு போனைப் பக்கத்தில் பிடித்துக் கேள்வி கேள்வியாக ஒத்துப் பார்த்தார். ஏழாவது கேள்வியில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

"அச்சு அசல் இதேதான்" என்று பெருமூச்சு விட்டார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு சிந்துஜா" என்றார் ரவிகுமார். "ஆனா இந்தக் கோப்போட பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதானே."

அதிபர் பேனையின் மூடியைக் கழற்றினார்.

சிந்துஜா திரையைப் பார்த்தாள், விசைப்பலகையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து நின்றாள்.

"சேர், இப்ப கோப்பைத் திறக்கும்போது ரவி சேர் அந்தப் பாஸ்வேர்டை என்கிட்ட கேக்கவே இல்லையே."