கண்ணாடிக் கூடு

தீர்மானத்தின் நகல் மேசையில் இருந்தது. பதினேழாவது வார்டு உறுப்பினருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

படிக்கும் கண்ணாடியை வேண்டுமென்றேதான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

படிக்காமல் கை தூக்கினால் பாவம் பாதியாகக் குறையும் என்று ஒரு நப்பாசை.

பிரசவ ஆஸ்பத்திரியின் பின்பக்க நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனத்துக்குத் தொண்ணூறு வருடக் குத்தகைக்கு விடும் தீர்மானம் அது. எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த அவள் கணவனைக் கூப்பிட்டு, ‘ஆலோசகர்’ என்று ஒரு வேலையும் ஒரு காரும் கொடுத்தது அதே நிறுவனம்தான். மூன்று மாதமாகிறது. இதுவரை யாரும் அவனிடம் ஓர் ஆலோசனையும் கேட்டதில்லை.

ஆனால் அவன் மறுபடி சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தான். குளியலறையில் பாட ஆரம்பித்திருந்தான்.

அந்தப் பாட்டை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

அலுவலக உதவியாளர் குனிந்து ஒரு கண்ணாடிக் கூட்டை நீட்டினார்.

“சார் குடுத்தாரும்மா. மேல பார்வையாளர் மாடத்துலதான் உக்காந்திருக்காரு. நல்லா படிச்சிட்டு அப்புறம் கை தூக்குவீங்களாம்.”

ஆலோசகர் சொன்ன முதல் ஆலோசனை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் பக்கத்தில் ‘உபயோகமற்ற நிலம்’ என்று இருந்தது. ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் ஒருக்களித்துப் படுத்திருந்ததைப் போன வாரம்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

தலைவர் ஆதரிப்பவர்களைக் கேட்டார். அவள் கை மேசையிலேயே கிடந்தது.

எதிர்ப்பவர்களைக் கேட்டார்.

மனுஷனை மறுபடி வீட்டில் உட்கார வைக்கப் போகிறோம் என்று நினைத்தாள். மாடத்தை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

பின்வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. இன்னொரு கை. அப்புறம் வேறு சில கைகள்.

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைக்கப் போனவள் நின்றாள். உள்ளே நான்காக மடித்த ஒரு பஸ் டிக்கெட். கைக்கு அகப்பட்ட இடத்தில் டிக்கெட்டைச் செருகி வைப்பது அவனுடைய பழைய வழக்கம்.

மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

இன்றைய தேதி. காலை ஒன்பது நாற்பது. ஏறிய இடம், அந்த நிறுவனத்தின் வாசலில் இருக்கும் நிறுத்தம்.

காலையில் அவர்கள் கொடுத்த காரில் போனவன், பஸ்ஸில் திரும்பியிருக்கிறான்.

இப்போது அவள் மாடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.