ஐந்து நிமிடச் சாட்சி

அழைப்பு மணி மூன்று முறை விடாமல் அடித்தது. மெக்கானிக்கின் கையிலிருந்த டம்ளர் நழுவி, தரையில் உருண்டது.

"திறக்காதீங்க," என்றாள் மனைவி, குரலே வெளிவராமல். "மேனேஜர் அனுப்பின ஆளா இருக்கும்."

அவன் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், கக்கத்தில் ஒரு ஃபைல். அடியாள் இல்லை, யாரோ வக்கீல். அது இன்னும் மோசம்.

எத்தனை நாள் ஒளிந்துகொள்ள முடியும்? கதவைத் திறந்தான்.

"பிரதர்தானே நீங்க?"

பஸ் பட்டறையில் அவனுக்கு வைத்த கேலிப் பெயர் அது. 'ஏம்பா பிரதர், உங்க கர்த்தர்கிட்ட சொல்லி இந்த கியர்பாக்ஸையும் கழட்டித் தரச் சொல்லேன்' என்று சிரிப்பார்கள். அவர்களில் யாரோதான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

"வேலை செய்யற இடத்தப் பத்தி நீங்க சாட்சி சொல்லணும்," என்றார் வந்தவர், செருப்பைக் கழற்றியபடி. "யாரைக் கேட்டாலும் உங்களைத்தான் கை காட்டறாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அஞ்சு நிமிஷம் போதும். மறைக்காம சொன்னீங்கன்னா கேக்கறவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "இவர் அன்னிக்கு லீவு!"

"என்னிக்கும்மா?"

தெரியாததுபோல் கேட்டு மடக்குகிறார்.

டிரைவர் அண்ணன் நான்கு நாளாக லாக்கப்பில் இருந்தார். அவருடைய கவனக்குறைவால்தான் பஸ் சுவரில் மோதி, மூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக வழக்கு. அன்று காலை பட்டறையில் நடந்த பேச்சைக் கேட்ட ஒரே ஆள் இவன்தான். விசாரித்த போலீஸிடம் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"அவ பயத்துல சொல்றா சார்," என்றான் கடைசியில். "நான் அங்கதான் இருந்தேன்."

"ஐயோ, வாயை மூடுங்க! வேலை மட்டும் போகாது, ஆளையே இல்லாம பண்ணிடுவேன்னு அந்த மேனேஜர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல. எனக்கும் உதறுதுடி. ஆனா நாலு நாளா ஜெபம் பண்ண வாய் வரலையே! முழங்கால் போட்டா டிரைவர் அண்ணன் மூஞ்சிதான் தெரியுது."

வந்தவரின் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினான். அவரிடமே பேனாவை வாங்கி எழுதினான். எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

'பிரேக் மிதித்தால் தரை தட்டுகிறது, வண்டியை எடுக்க மாட்டேன் என்றார் டிரைவர். எடுக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வராதே என்றார் மேனேஜர். நான் பக்கத்தில் நின்றேன்.' கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டான்.

"இந்தாங்க சார். கூண்டுல ஏறியும் இதையே சொல்றேன். கோர்ட்டுக்கு எப்ப வரணும்?"

வந்தவர் தாளைப் படித்தார். முகம் வெளிறியது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார். மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

அவர் தாளை நாலாக மடித்து மெக்கானிக்கின் சட்டைப் பையில் வைத்தார். "இதை இப்பவே ஸ்டேஷன்ல குடுக்கணும் பிரதர். தனியாப் போக வேண்டாம், நானும் கூட வரேன்."

"அப்ப... நீங்க வக்கீல் இல்லையா?"

"உங்க சபைக்குப் புதுசா வந்த செயலாளர். ஞாயித்துக்கிழமை ஆராதனையில, வேலை செய்யற இடத்துல கர்த்தர் உங்களுக்குச் செஞ்ச நன்மையைச் சாட்சியா சொல்லத்தான் உங்களைக் கூப்பிட வந்தேன்!"