நாற்பத்தேழும் நூற்றுப் பன்னிரண்டும்

"ஒரே ஆளோடத ரெண்டு டப்பாவுல பிரிச்சுப் போட்டியாம்மா?"

டாக்டர் சக்கரபாணி குரலை உயர்த்தவில்லை. சுருதியும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இல்ல சார்."

மனிதர்கள் வாழும் விதத்துக்கு ஏற்ப அவர்களின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. சாப்பாடு, தூக்கம், குடி, தாம்பத்தியம் எல்லாவற்றையும் கேட்டுப் படிவத்தில் எழுதி, மலம் எடுத்த டப்பாவை வாங்கி வருவது சுருதியின் வேலை. திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் இதுவரை இருநூற்றுப் பத்துப் பேர். டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் சுருதியின் பூட்டிய அலமாரியில்.

"நாப்பத்தேழு, பொண்ணு. வெங்காயம், கிழங்கு எதையும் தொடறதில்ல, பொழுது சாஞ்சா சாப்பாடும் கெடையாது. நூத்திப் பன்னெண்டு, ஆம்பள. வாரத்துக்கு நாலு நாள் கோழி. ரெண்டு பேருமே கல்யாணம் ஆகல, தனியா இருக்கோம், யாரோடவும் உறவு கெடையாதுன்னு சொல்லியிருக்காங்க. ரிப்போர்ட்டப் பாரு. கிருமிங்க அவ்ளோ ஒத்துப்போகுது."

"ஒரே வீட்டுல இருந்தா அப்படி வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. புருஷன் பொண்டாட்டின்னா இன்னும் ஜாஸ்தின்னு."

"அதான் கேக்கறேன். ஒண்ணு, நீ பிரிச்சுப் போட்டிருக்கணும். இல்ல, அவங்க பொய் சொல்லியிருக்கணும். பொய்னா, ரெண்டு பேரும் சரியான பதிலை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இல்லன்னா உன்னோட இருநூத்திப் பத்தையும் நான் நம்ப முடியாது. மொத்தமும் குப்பைக்குப் போகும்."

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வரேன் சார்."

"கட்டாயப்படுத்தாத. வீட்டுக்குத் தெரியாத விவகாரமா இருந்தா, அந்தக் கையெழுத்தே அவங்களுக்கு வினையாயிடும்."

"தெரியும் சார்."

இரண்டு புதுப் படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். டாக்டர் சொன்னதை டிரைவர் சரவணகுமாரிடம் சொன்னாள். அவன் வண்டியைக் கிரிவலப் பாதையில் திருப்பினான்.

அடி அண்ணாமலையில் இளநீர் விற்கும் உண்ணாமலை, டப்பாவைக் கறுப்புப் பையில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். கேள்விகளில்தான் சிக்கல்.

"ஏம்மா, புருஷன் கூட மாசத்துக்கு எத்தினி வாட்டின்னு கூடவா எழுதுவாங்க?"

"எழுதணும்க்கா."

"உனக்கே இன்னும் கல்யாணம் ஆவல. வாய் கூசாம கேக்கறியே."

"டப்பா குடுக்கவும் இப்படித்தான் வெக்கப்பட்டீங்க. நானே குடுத்திருக்கேன், எங்க டிரைவரும் குடுத்திருக்காருன்னு சொன்னதும் வாங்கிக்கல? அது மாதிரிதான்."

"அவரு லாரியில போனாருன்னா மாசத்துக்கு ஒரு வாட்டிதான் மூஞ்சியையே பாக்கறேன். கம்மியா எழுதினா கவுரவக் கொறச்சல். அஞ்சுன்னு போட்டுக்க."

"அக்கா, வாய் என்ன வேணும்னாலும் சொல்லும். டப்பா பொய் சொல்லாது."

"அப்ப ஒண்ணுன்னே போடு. இது எங்க மாமியாள விட மோசமா இருக்குது."

சுருதி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மணி ஐந்தரை. சரவணகுமார் அதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"சொல்லிடலாமா?" என்று கேட்டான்.

"சொல்லிடலாம். உண்மைய சொல்லுங்கன்னு இருநூறு வாசப்படி ஏறியிருக்கேன். இந்த ரெண்டு பேருக்கு மட்டும் என்ன சலுகை?"

ஜீப் கிளம்பியதும் ஊரில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வரேன். நேர்ல ஒரு விஷயம் சொல்லணும்."

"வேலையில ஏதாவது பிரச்சினையாம்மா?" என்றார் நேமிநாதன்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. நான் பாத்துக்கறேன்."

"சரி. சாப்பிட்டியா? பொழுது சாயப் போவுது."

டாக்டர் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோது மேஜைமேல் இரண்டு படிவங்களும் வந்து விழுந்தன.

"அதுக்குள்ள ரெண்டு பேரையும் புடிச்சிட்டியா?"

"பக்கத்துலயேதான் சார் இருந்தாங்க."

"என்ன சொல்றாங்க?"

"கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு சார். ரிஜிஸ்டர் கல்யாணம். வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு மறைச்சிட்டாங்க. ஒரே வீடு, ஒரே சமையல்."

"அந்தக் கோழி?"

"அது பழைய கணக்கு சார். இப்ப மாசத்துக்கு ஒரு நாள், அதுவும் வெளியில."

டாக்டர் சிரித்தார். "கையெழுத்துப் போட பயப்படலியா?"

"இனிமே பயம் இல்ல சார். வீட்டுலயும் சொல்லிடப் போறாங்க."

சக்கரபாணி மறுபடி உட்கார்ந்து, நாற்பத்தேழாம் படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கேள்வி கேட்டவர் என்ற இடத்தில் வழக்கம்போல 'சுருதி' என்று இருந்தது; பதில் சொன்னவர் என்ற இடத்திலும் அதே கையெழுத்துதான். நூற்றுப் பன்னிரண்டில் பதில் சொன்னவரின் கையெழுத்தை அவர் வாராவாரம் ஜீப்பின் டீசல் பில்லில் பார்த்திருக்கிறார்.