வேகமா, இழுவையா?

"படகுல எத்தனை பேர் போவீங்க?"

"நான் ஒருத்திதான்."

"சாமான்?"

"ஒரு பை."

கடைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சின்னப் படகு, நல்ல மோட்டார், ஒரே ஆள். இவ்வளவு சுலபமான வியாபாரம் அவருக்கு வாய்த்து வெகுநாளாயிற்று.

"அப்ப இதைப் போடுங்கம்மா." பளபளவென்று ஒரு புரொப்பெல்லரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இறக்கை எப்படிச் சாய்ஞ்சிருக்கு பாருங்க. சாய்வு கூடக்கூட வேகம். சும்மா பறக்கும்."

அந்தப் பெண் அதைத் தொடக்கூட இல்லை. பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினாள்.

"அந்தச் சாய்வு கம்மியானதைக் குடுங்க."

"அது இழுவைக்கும்மா. பாரம் ஏத்துற படகுக்கு. உங்களுக்கு எதுக்கு அது?"

"விசாரிச்சுட்டுத்தாங்க வந்தேன். இது சரியா அமையணும். இல்லைன்னா நான் படகு வாங்கினதே வீண். ஏன்னா..."

"படகு புதுசா?"

"போன வாரம்தான் வாங்கினேன். ஓட்டவும் இப்பதான் கத்துக்கிட்டேன். ஆனா..."

"அதானே பார்த்தேன்."

புதிதாகப் படகு வாங்குகிறவர்களில் இரண்டே ரகம் என்பது அவருடைய முடிவு. முதல் நாளே பறக்க நினைப்பது ஒன்று. கரையில் நிற்கும்போதே நடுங்குவது இன்னொன்று. இந்த அம்மா இரண்டாவது.

"வேகத்துக்குப் பயப்படாதீங்கம்மா. மெதுவா முறுக்கினா மெதுவாப் போகப் போகுது."

நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையைத் தூக்கினாள். "அவங்க ஏதோ சொல்ல வர்றாங்க. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்களேன்."

"எல்லாம் கேட்டுட்டுத்தான் சொல்றேன். நீ உன் வேலையைப் பாரு."

அவர் கவலை அவருக்கு. ஒரு படகு ஆமையாய் ஊர்ந்தால் ஓட்டுகிறவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எந்தக் கடையில் வாங்கியது என்றுதான் கேட்பார்கள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயரை இந்த அம்மாவின் பயத்துக்காக விட்டுவிட முடியுமா?

"வாங்க, தண்ணியிலயே காட்டிடுறேன்."

கடைக்குப் பின்னால்தான் படகுத்துறை. மனைவியும் கூடவே வந்தாள்; அங்கே கடையின் மெக்கானிக்குகள் இரண்டு பேர் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே கட்டியிருந்த அவள் படகில் வேகமான புரொப்பெல்லரை அவரே மாட்டினார். அவள் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தாள். படகு அம்பாய்ப் பாய்ந்தது. கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி?"

"நல்லாத்தான் போகுது. இப்ப நீங்க ஏறுங்க. அக்காவும் ஏறட்டும். அந்த மெக்கானிக் அண்ணன்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க."

"நாங்க எதுக்கும்மா?"

"ஏறுங்க, சொல்றேன்."

ஏறினார்கள். மோட்டார் முக்கியது, முனகியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு தவழ்ந்தது. நீந்திப் போனால் முன்னால் போய்விடலாம் போலிருந்தது.

"நல்லாப் பறக்குதுங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக்குகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கடைக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை பேரை ஏத்தினா எந்த வேகப் புரொப்பெல்லரும் இப்படித்தாம்மா திணறும். நீங்கதானே ஒருத்தின்னு சொன்னீங்க? பொய்யைச் சொல்லிட்டு என் கடைச் சாமானைக் குறை சொன்னா எப்படி?"

"பொய் இல்லைங்க. போகும்போது நான் ஒருத்திதான்."

அவள் படகைத் துறைப் பக்கம் மெல்லத் திருப்பினாள். இப்போதுதான் யாரும் குறுக்கே பேசவில்லை.

"நான் நர்ஸ். அக்கரையில ஆஸ்பத்திரி கிடையாது, பிரசவத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. சிக்கல்னா இக்கரைக்குத்தான் கொண்டு வரணும். போன மாசம் படகுக்குக் காத்துக் கிடந்ததுல ஒரு பொண்ணைக் காப்பாத்த முடியல. அதான் சொந்தமாவே வாங்கிட்டேன்."

கடைக்காரர் படகிலிருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"வரும்போது பிள்ளைத்தாச்சி இருப்பா, அவ புருஷன், அம்மா, மாமியார் எல்லாரும் ஏறுவாங்க. யாரை இறங்கச் சொல்ல முடியும்? கரை சேர்றதுக்குள்ள இன்னொரு ஆளும் கூடலாங்க."