குமிழிச் சத்தம்

மதியம் போன மின்சாரம் இன்னும் வரவில்லை, கண்ணுகளா. மீன்தொட்டியின் பேட்டரி மோட்டாரும் ஓய்ந்துவிட்டது. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவாளென்று தன் போனைச் சார்ஜில் போட, காலையில் மோட்டாரின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டவர் அப்பாதான். அவள் ஒப்படைத்துப்போன மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. காற்று கலக்கட்டுமென்று அவர் குவளையில் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கண்ணாடியில் சாயங்கால வெளிச்சம் மங்குகிறது. “இப்படிக் குடுங்க, கை ஒடிஞ்சிடப் போகுது,” என்கிறாள் மனைவி. “பிடுங்கின கைதானே, ஒடியட்டும்.” போன் அடிக்கிறது. “அப்பா, குமிழிச் சத்தமே கேக்கலையே?” மனைவி போனைத் தண்ணீரருகே பிடிக்கிறாள், அவர் ஊற்றுகிறார். “ஆங், கேக்குது. சிவப்பன் என்ன பண்றான்?” தொட்டியில் சிவப்பன் பக்கவாட்டில் மிதக்கிறான். “தூங்குறான்மா,” என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் உயரத்திலிருந்து ஊற்றுகிறார்.